டர்போ ஆறும் நேரம்

மார்ச் 3, கொரோக்கா

இன்று முதல் நான் மேகங்களின் மாமன்னன். என் கிழட்டு ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு டர்போ பூட்டியாயிற்று. புகை போகும் வழியில் ஒரு சின்னச் சக்கரம். அந்தச் சூட்டிலேயே சுழன்று, மலைமேல் மெலிந்து கிடக்கும் காற்றை அள்ளி எஞ்சினுக்குள் திணிக்கிறது. இதுவரை தங்கை சருபாவின் ஊரான கெசிகாவுக்கு ஏறும்போதெல்லாம் சினைப்பன்றி போல இளைக்கும். இன்று பறந்ததைக் கழுகுகள் பார்த்திருந்தால் வெட்கப்பட்டு வீட்டுக்கு நடந்தே போயிருக்கும்.

மெக்கானிக் மொரேயா கடற்கரைக்காரன். மலைக்காரனான எனக்குப் புத்தி சொல்கிறான்.

"எறங்கினதும் ஆஃப் பண்ணாதீங்க கேப்டன். கொஞ்ச நேரம் மெதுவா ஓடி ஆறட்டும். சூட்டோட நிறுத்தினா எண்ணெய் உள்ளயே கருகிப் பிடிச்சுக்கும்."

"இத நம்பலாமாடா?"

"டர்போவ நம்பலாம். உங்களத்தான் யோசிக்கிறேன்."

மீன் தின்ற கொழுப்பு!

மார்ச் 9

கெசிகா. ஓடுதளம் என்பது மரியாதைக்கு. உண்மையில் மலைச்சரிவில் சாய்த்து வைத்த புல்தரை. அடியில் இறங்கி, எஞ்சினை உறுமவிட்டு, மேட்டுக்கு ஏறி நிற்க வேண்டும். நின்றதும் ஊரே ஓடிவரும். பிள்ளைகள்தான் முன்னால். தலையைச் சீவிவிடும் முன்விசிறியைச் சுழலவிட்டு எப்படி உட்கார்ந்திருப்பது? உடனே அணைத்துவிட்டேன்.

அது மட்டும்தானா? கதவைத் திறந்து மாமன்னனாகக் குதிக்கும் அந்த நொடிக்காகக் காத்திருக்க என்னால் ஆகாது. இது இந்த நாட்குறிப்போடு இருக்கட்டும்.

குதித்தேன். தானே பின்னிய நார்ப்பையின் வாரைத் தலையில் மாட்டிக்கொண்டு சருபா நின்றாள்.

"என்னண்ணே, உனக்கு முன்னாடி உன் வயிறு எறங்கிருச்சே!"

ஊர் சிரித்தது. என் அரசவையில் எனக்கே இந்த அவமானம். பிறகு ஒரு படைக்குப் போதுமான கிழங்கைச் சுட்டுப் போட்டாள். தின்றேன். மன்னித்தேன்.

ஏப்ரல் 2

முழுச் சுமை காபி மூட்டை ஏற்றினேன். மலை எனக்கு வழிவிட்டது. கேட்டால் மலையே சொல்லும்.

ஏப்ரல் 20

எண்ணெய் குறைகிறதாம்.

"சூட்டோட நிறுத்துறீங்களா?" என்றான் மொரேயா.

"சேச்சே!"

என் முகத்தையே பார்த்தான். "ஒரு கயிறு கட்டி சனங்கள அந்தப் பக்கம் நிக்கச் சொல்லுங்க கேப்டன்."

"என் சனத்தக் கயித்துல கட்டவா? அவங்க என்ன பன்னியாடா?"

குறைவது இன்னும் அளவுக்குள்தான் இருக்கிறது. அடுத்த வாரம் பிரித்துப் பார்க்கலாம் என்றான். பார்க்கட்டும்.

ஏப்ரல் 24

வானொலியில் கெசிகாவிலிருந்து அழைப்பு. சருபாவுக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல். மூச்சு விட முடியவில்லையாம். கிளம்புகிறேன்.

ஏப்ரல் 25

எழுதத்தான் வேண்டும்.

இறங்கினேன். மேட்டுக்கு ஏறினேன். வழக்கம்போல ஓடிவந்தார்கள் — தூக்குக்கட்டிலோடு. உடனே எஞ்சினை அணைத்தேன். அவளை உள்ளே ஏற்றிப் படுக்கவைத்தோம்.

"அண்ணே... உன் தொப்பை போக... எனக்கு எடம் இருக்கா?"

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு.

மறுபடி முடுக்கினேன். நீலப் புகை. பழைய உறுமல் இல்லை. அழுத்தமானியின் முள் ஏறவே இல்லை. கருகிய எண்ணெயில் அந்தச் சின்னச் சக்கரம் இறுகிப்போயிருந்தது. இருந்த எண்ணெயும் புகைவழியே போய்க்கொண்டிருந்தது. அப்படியே கிளம்பினால் பள்ளத்தாக்கைத் தாண்டுமுன் எஞ்சின் செத்துவிடும்.

வானொலியில் மொரேயா அழாத குறை. "வேணாம் கேப்டன். காலப் பிடிச்சுக் கேக்கிறேன். வேற விமானம் அனுப்புறோம்."

அனுப்பினார்கள். மேகம் மூடிவிட்டது. பாதி வழியில் திரும்பிப் போனது. மேகங்களின் மாமன்னன் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஒரு மேகம்கூட என் பேச்சைக் கேட்கவில்லை.

விடியுமுன் போய்விட்டாள்.

ஏப்ரல் 28

துக்கக் குடில். எங்கள் வழக்கப்படி எல்லோர் உடம்பிலும் துக்கத்துக்குப் பூசிய களிமண். சருபாவின் கணவர் கிமா எனக்கு ஆறுதல் சொல்கிறார். எனக்கு!

"மெஷின் சாகும் மச்சான். நீ என்ன பண்ணுவே?"

"மெஷினா சாகல மாப்ளே. ஒவ்வொரு தடவையும் ஆறவிடாம அணைச்சு நான்தான் கொன்னேன். மொரேயா சொன்னான். நான் கேக்கல."

கிமா எழுந்து போய்விட்டார். அடித்திருக்கலாமே? அடித்திருந்தால் தேவலாம்.

மே 19

விமானத்தைப் பிரித்துக் கீழே கொண்டுவந்து சேர்த்தோம். மொரேயா அந்தச் சக்கரத்தைக் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 14

புது டர்போ. கெசிகாவில் இறங்கி மேட்டுக்கு ஏறினேன். மேட்டின் ஓரத்தில் ஒரு கயிறு கட்டியிருந்தது. சருபா அடுத்த பைக்கென்று எடுத்து வைத்திருந்த நாரில் முறுக்கியது. அவள் சாயம் ஏற்றிய சிவப்பு. ஒரு முனையில் கிமா நின்றார். அதற்கு அப்பால் ஊரே நின்றது. பிள்ளைகளும்தான்.

எஞ்சினை மெல்ல ஓடவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஆறுவதற்கு இவ்வளவு நேரம்தானா? இவ்வளவுதானா?

விசிறி நின்றது. கிமா கயிற்றைத் தாழ்த்தினார். குதிக்கவில்லை, பிடித்துப் பிடித்து இறங்கினேன். வயிறுதான் முதலில் இறங்கியது.

அதைச் சொல்லிக் காட்ட ஆளில்லை.