நடுவில் வந்து சேராத உதடு

கல்முனை
1956 தை 18

அன்பு மகள் இமக்குலேற்றுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இந்த நேரங்கெட்ட நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபிக்காதே, உன் இரண்டு மாதத் தம்பி இப்போதுதான் கண்ணயர்ந்தான். எல்லாரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. அந்தக் குளிரில் நீ சுகமாயிருந்தால் மாதாவுக்குத் தோத்திரம்.

பழ ஈயைப் பற்றி நீ எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். சின்ன வயதில் குசினி மூலையில் கதலிக்குலை பழுத்தால் நீ மருந்துப் போத்தலோடு அதன் கீழே குந்தியிருப்பாய், அப்பா பள்ளிக்கூடத்தால் வந்ததும் உன்னைத் தோளில் ஏற்றி, ஈ பிடிக்கிற மகாராணி வாறா, வழி விடுங்க என்று சொல்லிச் சொல்லிக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோவார். இப்போது அந்த ஈக்காகவே எடின்பரோவில் கிடக்கிறாய். கூட்டுப்புழுவுக்குள் இரண்டு பக்கத்து உயிர்க்கலங்களும் ஊர்ந்துவந்து முதுகின் நடுவில் சேர்கின்றன, சேரத் தவறினால் ஈ பிளந்த முதுகோடு பிறக்கும் என்று எழுதியிருந்தாய். அதை வாசித்த கையோடு தம்பியின் பிளந்த மேலுதட்டைப் பார்த்தேன். அவனுக்குக் கரண்டியால்தான் பால், பாதி மூக்கால் வருகிறது. பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா, நம்மட ஸுல்பிகா தாத்தா மட்டும், வாய் வெட்டுப்பட்டாலும் கத்துறதுக்குக் குறைச்சலில்ல என்று சொல்லி அவனைத் தூக்கிச் சிரிப்புக் காட்டுவா.

அப்பா அவனைத் தூக்குவதில்லை மகள். போன ஆனியில் கிரகணத்தன்று, பிள்ளைத்தாச்சி வெளியே வரக்கூடாது என்பதெல்லாம் மூடப்பேச்சு என்று சொல்லி, நாலு மாதக்காரியான என்னைப் புகைபிடித்த கண்ணாடியும் கையுமாகக் கடற்கரைக்குக் கூட்டிப்போனவர் அவர்தான். காலைவெயில் மங்கி இருண்டது, காகங்கள் தென்னைக்குத் திரும்பின, நான் பயந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன், கலியாணமான புதிதில் நடந்ததுபோல அன்று எவ்வளவு சந்தோசம். பிள்ளை பிறந்ததும் மீன்கார வல்லியம்மை வாசலில் நின்று, கிரகணம் பாத்தா இப்படித்தானே அம்மா என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றோடு அப்பா ஒடிந்துபோனார். மாசியில் கொழும்புக்குக் கொண்டுபோனால் தைத்துச் சேர்த்துவிடலாம் என்று டாக்டர் சொல்கிறார். அப்பா சம்மதிக்கவில்லை. “நான் செய்த பிழை என்ட கண்ணுக்கு முன்னால இருக்கட்டும், றாணி” என்கிறார்.

நானும் கல்லூரியில் படித்தவள்தான், ஆனால் என் படிப்பு அவரிடம் எடுபடவில்லை. நீ உன் புத்தகங்களைப் பார்த்துச் சொல்லு. மனுசக் குழந்தைக்கு உதட்டின் இரண்டு பக்கமும் எந்த மாதத்தில் வந்து சேருகிறது? நாலாம் மாதத்துக்கு முந்தியென்றால் கிரகணத்துக்கு முன்னமே முடிந்த காரியம் அது, அதை அப்பாவின் பெயருக்கே விளக்கமாய் எழுது. பிந்தியென்றால் எனக்கு மட்டும் எழுது, நான் எனக்குள் வைத்துக்கொள்கிறேன்.

கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே, பூசைக்குப் போக மறக்காதே. மாதா உன்னைத் தன் கைக்குள் வைத்திருப்பாராக. சுணங்காமல் பதில் போடு மகள்.

உன் அம்மா
ஞானராணி