த்ராட்டில் கம்பி

மார்ச் 8, சனிக்கிழமை

இன்று மதியம் என் கடையில் விருந்துகளில் வாசிக்கிற குணாவின் எலெக்ட்ரிக் கிதார் கம்பி தெறித்து அவன் புருவத்தைக் கிழித்துவிட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும்.

அது கிதார் கம்பியே இல்லை. லாபு ஊரில் மோட்டார் சைக்கிள் சாமான் விற்கிற நான்தான், வண்டி வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் கேபிளின் உள்கம்பியை உருவி மாட்டிவிட்டேன். அதன் முனையில் இருக்கும் ஈயக் குமிழ் கிதாரின் அடித்துளையில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. லோரி மேட்டில் ஏறும்போது முக்குமே, அப்படி ஒரு சத்தம். "இன்னும் ஒரு சுத்து முறுக்குடா" என்றதும் நான்தான். குமிழ் பிய்த்துக்கொண்டது.

கிளினிக்கில் நாலு தையல். "பொண்ணு பாக்கப் போற நேரத்துல மூஞ்சியக் கெடுத்துட்டீங்களே அண்ணே" என்று குணா சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. போன வாரம் அதே கம்பியை போர்டிக்சன் ஊர்க்காரன் சேகருக்கும் விற்றிருக்கிறேன். இன்று ராத்திரி கல்யாண விருந்தில் வாசிக்கிறான். கிதார்மேல் கவிழ்ந்துகொண்டு வாசிக்கிற ஆள்.

ஏழு தடவை போன் அடித்தும் சேகர் எடுக்கவில்லை. எட்டாவது தடவை எடுத்தான்.

"தம்பி, அந்தக் கம்பிய இப்பவே கழட்டிடு. குணாவுக்குக் கண்ணு தப்பிச்சதே பெருசு."

"இந்தச் சத்தத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டாங்க லா. கழட்டணும்னா நூறு வெள்ளி தாங்க."

பேரம் பேசாமல் சரி என்றேன். கொஞ்ச நேரம் கழித்து "கழட்டிட்டேன் அண்ணே" என்றான். பின்னால் ஒரே இரைச்சல். கழற்றினானா என்று எனக்கு எப்படித் தெரியும்? விருந்து இன்னும் முடிந்திருக்காது.

பத்து வெள்ளிக்கு விற்ற கம்பி. நாளைக் காலை போர்டிக்சனில் அதைக் கையில் வாங்கிக்கொண்டு நூறு வெள்ளி கொடுப்பதாகப் பேச்சு.