நாற்பத்தேழாம் நம்பர்

காவலூர் சாலை, மலையடிவாரம்
12 ஜூன் 2024

அன்புத் தம்பி ஆபேலுக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் ஜெனிலாவும் நன்றாக இருக்கிறோம். போன் இருக்கும்போது இவளுக்குக் கடிதம் எதற்கு என்று சிரிப்பாய். உங்கள் முகாமில் இருப்பது ஒரே போன். நீ பேசினால் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவர் உன் மாமா. இது அவருக்குத் தெரியாமல் எழுதுவது.

பிப்ரவரியில் நடந்த உடல்தகுதி ஓட்டத்தில் அவர் தவறினார், மே மாதமும் தவறினார். அவர் சொல்லவில்லை. நீ உளறித்தான் எனக்குத் தெரியும். கேட்டதற்கு, "பாஸ் பண்ணாம வூட்டுக்கு வரமாட்டேன். ஊர்ல எவன் மூஞ்சில முழிக்கிறது" என்று போனை வைத்துவிட்டார். மார்ச்சில் லீவில் வரவேண்டிய மனிதர். இங்கே பலாவே காய்த்து முடியப் போகிறது.

நவம்பரில் கிறிஸ்து அரசர் திருநாள் அன்று ஜெனிலாவுக்குப் புதுநன்மை, முதல்முதலாக நற்கருணை வாங்கப் போகிறாள். அப்பா வந்தால்தான் வெள்ளைக் கவுன் போடுவேன் என்கிறாள். ஊருக்கெல்லாம் தைக்கிற எனக்கு அந்தக் கவுனில் மட்டும் கை ஓடவில்லை. பாதியில் நிற்கிறது.

அவர் எப்படி இருக்கிறார், மறைக்காமல் எழுது. சாப்பிடுகிறாரா?

உன் அக்கா
மெர்சிலின்

*

வடக்கு எல்லை
3 ஜூலை 2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். மாமா பார்த்துவிட்டு, "எந்தப் பொண்ணுடா எழுதறா" என்று கேட்டார். ரொம்ப நாள் கழித்து அவர் அடித்த கேலி அது. அதற்காகவே நீ இன்னொரு கடிதம் போடலாம்.

மறைக்காமல் எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். ஒன்பது கிலோ எடை கூடியிருக்கிறார். ஐந்து கிலோமீட்டர் ஓட்டத்தில் போனமுறை ஒரு நிமிடம் நாற்பது விநாடி பிந்தினார். தவறியவர்கள் பெயரைக் காலை அணிவகுப்பில் எல்லோர் முன்னாலும் படிப்பார்கள். சாயங்காலம் அவர்கள் மட்டும் தனியாக ஓட வேண்டும். எங்கள் பையன்கள் அதற்கு வைத்த பெயர் தொப்பைப் பட்டாளம். அந்தப் பெயரை வைத்தவரே மாமாதான், நல்லாயிருந்த காலத்தில்.

போன வருடம் பனியில் மூன்று நாள் ரேஷன் வரவில்லை. "எங்க ஊர் காவலூர் டெலஸ்கோப்புல பாத்தா இங்க இருந்தே கறிக்குழம்பு தெரியும்டா" என்று சொல்லிச் சொல்லி எங்கள் பத்துப் பேரையும் சிரிக்க வைத்தார். இப்போது தட்டை எடுத்துக்கொண்டு தனியாகப் போய்விடுகிறார். அவர் பேசாததால் யாரும் பேசுவதில்லை. செங்கத்துக்காரன் தமிழ்மணி மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். ஒரு மனிதன் சுருண்டுபோனால் பத்துப் பேருக்கும் கால் ஓய்ந்துவிடும் என்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

ஓடி முடித்ததும் இடது கையைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார். கேட்டால், "வயசாவுதுல்ல" என்கிறார். நாற்பதுகூட ஆகவில்லை.

ஆகஸ்டில் மூன்றாவது தடவை. அதிலும் தவறினால் ராணுவ ஆஸ்பத்திரிக்கு அனுப்பி முழுதாகப் பரிசோதிப்பார்கள். உடம்புத் தரத்தைக் குறைத்துவிட்டால் ஹவில்தார் ஆக முடியாது. கீழே ஸ்டோரில் உட்கார்ந்து போர்வை எண்ண வேண்டும். அதற்குச் செத்துப்போகலாம் என்கிறார். நான் தினமும் கூடவே ஓடுகிறேன். நீ கவலைப்படாதே.

உன் தம்பி
ஆபேல்

*

காவலூர் சாலை
20 ஜூலை 2024

அன்புத் தம்பிக்கு,

நீ எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு நாள் தையல் மெஷினைத் தொடவில்லை. தனியாகச் சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறாயே, அதுதான் என்னை அறுக்கிறது. நாலு பேர் இல்லாமல் ஒரு டீ குடிக்காத ஆள் அவர்.

எனக்கு ஹவில்தார் வேண்டாம். அவர் வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். பாஸ் ஆகாமல் வரமாட்டார். அந்தப் பிடிவாதம் உனக்கும் தெரியும். நீ ஆளெடுப்புக்குப் போனபோது காவலூர் ஏற்றம் முழுக்கச் சைக்கிளில் உன் பின்னாலேயே விரட்டிக்கொண்டு வந்தவர் அவர். இப்போது உன் முறை. என்ன செய்வாயோ, ஏது செய்வாயோ, எப்படியாவது அவரைப் பாஸ் பண்ண வை. அக்கா உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

உன் அக்கா
மெர்சிலின்

*

வடக்கு எல்லை
19 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மாமா பாஸ். நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே. போனில் சொல்லியிருப்பார், இருந்தாலும் என் கையால் எழுத வேண்டும் என்று தோன்றியது. இன்றைக்கு எங்கள் பையன்கள் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். தமிழ்மணி மாற்றல் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டான். நவம்பர் லீவுக்கும் மாமா எழுதிக் கொடுத்துவிட்டார்.

வேறு விசேஷம் இல்லை. கவுனைத் தைத்து முடி.

ஆபேல்

*

காவலூர் சாலை
6 செப்டம்பர் 2024

என் தங்கமான தம்பிக்கு,

நீ நன்றாக இருக்க வேண்டும். கோயிலில் உன் பெயருக்கு ஒரு பூசை வைத்திருக்கிறேன். இப்போது சீத்தாப்பழக் காலம். மலையிலிருந்து கூடை கூடையாக இறங்குகிறது. உங்களுக்குக் கொடுத்தனுப்ப வழியில்லாமல் ஜெனிலா ஒருத்தியே தின்று தீர்க்கிறாள்.

போனில் அவரிடம், "எப்டிங்க அவ்ளோ வேகமா ஓடுனீங்க, எனக்குத் தெரியாம கால் முளைச்சுதா" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்தேன். அப்புறம், "நீ கேட்டதுக்காகத்தான் மெர்சி" என்றார். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இப்படி ஒரு பேச்சு அவர் வாயிலிருந்து வந்ததில்லை. போனை வைத்துவிட்டு அடுப்படியில் நின்று அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கவுன் முடிந்துவிட்டது. கழுத்தில் சின்ன லேஸ் வைத்திருக்கிறேன்.

உன் அக்கா
மெர்சிலின்

*

வடக்கு எல்லை
27 செப்டம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மேல் முகாமுக்குப் போகிறவர்கள் பட்டியல் வந்திருக்கிறது. ஓட்டத்தில் நல்ல நேரம் எடுத்தவர்களை முதலில் போட்டிருக்கிறார்கள். மாமா பெயர் இருக்கிறது, என் பெயரும் இருக்கிறது. மூன்று நாள் ஏற்றம். ஒரு மாதம் இருந்துவிட்டு நவம்பர் நடுவில் இறங்கிவிடுவோம். நேராக லீவுக்கு வந்துவிடலாம் என்று மாமா சொல்கிறார்.

ஒன்று கேட்கிறேன். போகுமுன் ஒருதடவை டாக்டரிடம் காட்டிக்கொள்ளும்படி நீ அவரிடம் போனில் சொல். நான் சொன்னால், "பாஸானவன எதுக்குடா டாக்டர் பாக்கணும்" என்று என் கண்ணையே பார்க்கிறார். நீ சொன்னால் கேட்பார். காரணம் எதுவும் கேட்காதே, சொல்.

ஆபேல்

*

காவலூர் சாலை
4 டிசம்பர் 2024

ஆபேலுக்கு,

நீ அவரைச் சவப்பெட்டியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு மூன்றாம் நாளே கிளம்பிவிட்டாய். வேலை என்றாய். அந்த மூன்று நாளும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. துக்கம் என்று நினைத்தேன்.

உன் செப்டம்பர் கடிதம் வந்து ஒன்பதாம் நாள் அவர் போனார். இடையில் இரண்டு தடவை போனில் பேசினேன். டாக்டரைப் பாருங்கள் என்று நான் சொல்லவில்லை. இவ்வளவு சந்தோஷமாக இருக்கிற மனிதரிடம் இதை எதற்கு எடுப்பது என்று விட்டுவிட்டேன். அந்தப் பாவம் என்னுடையது. அதை நான் சுமந்துகொள்கிறேன்.

போன வாரம் அவருடைய கறுப்புப் பெட்டி வந்தது. சட்டைகள், ஜெபமாலை, ஜெனிலா வரைந்து அனுப்பிய படங்கள். அடியில் ஓட்டத்துக்கு மார்பில் கட்டுகிற நம்பர் துணி இருந்தது. நாற்பத்தேழு. இரண்டு பக்கமும் நாடா முடிச்சுப் போட்டபடியே இருந்தது, தலைவழியாகக் கழற்றி வைத்த மாதிரி. ஓடி ஜெயித்த துணி என்று எடுத்து முத்தம் கொடுத்தேன்.

எனக்குத் தெரிந்தது தையல் ஒன்றுதான். எதை எடுத்தாலும் கை தானாக இஞ்சு டேப்பைத் தேடும். அந்தத் துணியின் சுற்றளவு முப்பத்தாறு. அவருடைய மார்பு நாற்பத்து நாலு. அது அவர் தோளைத் தாண்டி இறங்கியே இருக்காது. போன கிறிஸ்துமஸுக்கு நான் ஒரு சட்டை தைத்தேன், அந்த அளவு எனக்கு மறக்கவில்லை. அது உன் சட்டை.

ஓடியது யார்?

மெர்சிலின் அக்கா

*

வடக்கு எல்லை
22 டிசம்பர் 2024

அக்கா,

இதைத் தமிழ்மணி லீவில் கொண்டுவருகிறான். அலங்காயத்தில் தபாலில் போடுவான்.

நான்தான் ஓடினேன்.

எனக்கு முதல் நாளே ஓட்டம் முடிந்துவிட்டது. மாமாவின் கூட்டத்துக்கு மறுநாள் காலை. கண் எதிரில் கை தெரியாத மூடுபனி. நேரம் குறிக்க வந்தவர்கள் வெளியாட்கள், அவர்களுக்கு முகம் தெரியாது, நம்பர்தான் தெரியும். எங்கள் பத்துப் பேருக்கும் தெரியும். ஒருவனும் வாய் திறக்கவில்லை. அவர் பழையபடி சிரித்தால் போதும் என்று எல்லோருக்கும் இருந்தது.

மாமா ஒப்புக்கொள்ளவில்லை. "நான் ஓடறேன், வுழுந்தா வுழறேன். நீ போடா" என்றார். அப்போது நான் உன் ஜூலைக் கடிதத்தை எடுத்துக் காட்டினேன். "என்ன செய்வாயோ, எப்படியாவது" என்ற இடத்தில் விரலை வைத்தேன். "அக்காதான் சொல்லுது மாமா. அதுக்கு எல்லாம் தெரியும்" என்றேன். இந்தக் கடைசி வார்த்தை பொய். அவர் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு துணியை என் கையில் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் சமையல் கூடாரத்துக்குள் போய்விட்டார்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்துச் சாப்பிட்டோம் என்று எழுதினேன். அவர் சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ஓடி முடித்ததும் துணியைக் கழற்றி அவர் கையில் கொடுத்திருந்தேன். அதைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும், கொடுங்கள் என்று கேட்டேன். தொலைந்துவிட்டது என்றார்.

மூன்றாம் நாள் ஏற்றத்தில் அவர் மூட்டையையும் நான்தான் தூக்கினேன். "கொஞ்சம் குந்திட்டு வர்றேன், நீ போய்ட்டே இரு" என்றார். பத்தடி போய்விட்டுத் திரும்பினேன். அதற்குள் முடிந்துவிட்டது. இதயம் பல மாதமாகவே கெட்டிருக்கும், ஒருதடவை பரிசோதித்திருந்தால் தெரிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். மூன்றாவது ஓட்டத்தில் அவர் தவறியிருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் அனுப்பியிருப்பார்கள். தவறவிடாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

பிப்ரவரியில் எனக்கு ஓட்டம். பயிற்சியில்கூட என்னால் தொடக்கக் கோட்டில் நிற்க முடியவில்லை. அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். என்னை வெளியே அனுப்பட்டும். ஆனால் சொன்னால் மாமாவின் பெயரிலும் பாஸை அடித்துவிடுவார்கள். அதனால் உன்னைக் கேட்கிறேன். நீ என்ன சொல்கிறாயோ அது.

ஆபேல்

*

காவலூர் சாலை
19 ஜனவரி 2025

ஆபேலுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன்.

எப்படியாவது என்று எழுதியவள் நான். அதை மறுக்கமாட்டேன். நீ ஓடு என்று நான் எழுதவில்லை, ஆனால் யார் என்ன செய்தாலும் சரி என்ற மனசில்தான் அன்றைக்கு எழுதினேன். அதனால் நீ ஓடியதற்காக உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொன்னாயே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. எப்படி அவ்வளவு வேகமாக ஓடினீர்கள், கால் முளைத்ததா என்று நான் போனில் கேட்டேனே. எல்லாம் தெரிந்துகொண்டு நான் குத்திக் காட்டுகிறேன் என்றுதானே அவர் நினைத்திருப்பார். அதனால்தானே அந்தப் பேச்சில்லாத நேரம். அதனால்தானே "நீ கேட்டதுக்காகத்தான்" என்றார். பன்னிரண்டு வருடத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நல்ல வார்த்தை என்று அதை வைத்துக்கொண்டு இருந்தேன், ஆபேல். அது நல்ல வார்த்தை இல்லை. அது அவருடைய அவமானம். ஓட முடியாத புருஷனை இவள் இப்படியாவது ஜெயிக்க வைக்கப் பார்த்தாள் என்று நினைத்துக்கொண்டே அந்த மனிதர் மலை ஏறியிருக்கிறார். அவரிடம் போய், எனக்குத் தெரியாது என்று சொல்ல இனி ஆள் இல்லை.

அதிகாரியிடம் சொல்லாதே. அவர் பெயரை மறுபடியும் அணிவகுப்பில் படிக்க வேண்டாம். உன் மனசு ஆறுவதற்கு அவர் இன்னொரு தடவை தவற வேண்டாம். ஓட்டக் கோட்டில் நீ நின்றாலும் சரி, நிற்காவிட்டாலும் சரி, அது உன் பாடு. என்னைக் கேட்காதே. என் ஜூலைக் கடிதம் உன்னிடம் இருந்தால் திருப்பி அனுப்பு.

ஜெனிலாவின் புதுநன்மையை ஈஸ்டருக்குத் தள்ளிவைத்திருக்கிறார் சாமியார். அவளுக்கு எதுவும் தெரியாது. அப்பா ஜெயித்த நம்பர் எங்கே என்று தினமும் கேட்கிறாள், சுவரில் மாட்ட வேண்டுமாம். நேற்றுத்தான் துணியை எடுத்து உன் முடிச்சுகளை அவிழ்த்தேன். இறுக்கமாகப் போட்டிருந்தாய், ஊசிமுனையால் நெம்பித்தான் வந்தது. பழைய நாடாவைப் பிரித்துவிட்டுப் புதிதாக நீள நாடா வைத்துத் தைத்திருக்கிறேன். இப்போது சுற்றளவு நாற்பத்து நாலு. இனி அது அவருக்குச் சரியாக இருக்கும்.

ஈஸ்டருக்கு நீ வர வேண்டாம். அதற்கப்புறமும் நான் எழுதும்வரை வர வேண்டாம். நான் எழுதுவேனா என்று எனக்கே தெரியவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். இடது கை வலித்தால் டாக்டரிடம் போ.

மெர்சிலின்