கரியபோளம் தடவச் சொன்னது நான்தான்

தானூர்,
மார்ச் 1988

அன்பு மகன் சைதலவிக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், சுகம் என்று எழுத மட்டும் கை வரவில்லை. அந்த ஜித்தா வெயிலில் உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஐந்து வேளையும் துஆ செய்கிறேன். எழுத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதே, யாரும் மௌத்தாகவில்லை. எப்போதும் நான் சொல்லச் சொல்ல உன் மனைவி சுஹ்றாதான் எழுதுவாள், இந்தக் கடிதத்தை அவளிடம் சொல்ல எனக்கு முகமில்லை. அதனால் மதரஸாவில் படித்த அரபி எழுத்தில், அரபி மலையாளமாக, நானே கிறுக்குகிறேன், நீயும் ஓதின பிள்ளைதானே, எழுத்துக் கூட்டி வாசித்துக்கொள்.

விஷயம் உன் மகள் ஹஸ்னாவின் பால்குடிதான். எட்டு மாதத்தில் கீழே இரண்டும் மேலே இரண்டும் பல் முளைத்ததும் பிள்ளை கடிக்க ஆரம்பித்தது. சும்மா கடி இல்லை மகனே, ரத்தம் வரும். சுஹ்றா தலைத்துணியின் நுனியைப் பல்லால் கடித்துக்கொண்டு பால் கொடுப்பாள், அவள் கண்ணீர் பிள்ளையின் நெற்றியில் விழும். தடுப்பூசி போட்ட சிஸ்டர், கடித்தால் வெடுக்கென்று இழுக்காதே, வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டு மெதுவாக எடு, பால் கொடுக்கும் முன்னால் ஈரத்துணியைக் கடிக்கக் கொடு, கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று சொல்லிக் கொடுத்தாள். சுஹ்றாவும் அப்படியே செய்தாள், கடியும் குறைந்துதான் வந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அந்த சிஸ்டரு எத்தன புள்ள பெத்தாளாம்? நான் ஆறு பெத்தவ" என்று கேலி பேசினேன். பால் மறக்கடிக்க நாம் தடவுகிற கரியபோளத்தை வாங்கி வந்து கல்லில் உரைத்தேன். ஒரே ஒரு தடவை போடு, கசப்புக்குப் பயந்து கடியை விட்டுவிடும் என்றேன். இரண்டு வயதுப் பிள்ளைக்குச் செய்வதை எட்டு மாதத்துக்குச் செய்யலாமா என்று நான் யோசிக்கவே இல்லை. அவள், "இப்பத்தான் கொறஞ்சுட்டு வருதே உம்மா, இன்னும் ரெண்டு நாள் பாப்போமே" என்றாள். "உன் புள்ளைக்கு நான் என்ன வெஷமா வெக்கப்போறேன்?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டேன். பிள்ளை ஒரு வாய்தான் வைத்தது. முகம் கோணி, உடம்பை உதறி, அத்தனையையும் கக்கியது. சோப்புப் போட்டுக் கழுவினோம், எண்ணெய் தடவினோம், உடுப்பை மாற்றினோம், ஒன்றும் பலிக்கவில்லை. மார்பைக் கண்டாலே முதுகை வளைத்து அலறுகிறது. நான்காம் நாள் சுஹ்றாவுக்குப் பால் கட்டிக் காய்ச்சல் வந்தது. கடைசியில் பால் வற்றுவதற்கு மல்லிகைப்பூவை வைத்துக் கட்டினோம். கல்யாணத்துக்குப் பிறகு அவளுக்கென்று இந்த வீட்டுக்குப் பூ வந்தது அன்றைக்குத்தான்.

இனிமேல் எழுதுவதுதான் பெரிய பாவம். நீ கோபப்படுவாய் என்று பயந்து, போன கடிதத்தில், பிள்ளை கடிக்கிறது என்று சுஹ்றா பாலை நிறுத்திவிட்டாள், இந்தக் காலத்துப் பெண்களுக்குப் பொறுமை இல்லை என்று சொன்னேன் அல்லவா, அதையும் அவளிடம்தான் சொல்லி எழுதவைத்தேன். அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். அவள் ஒரு எழுத்து மாற்றாமல் எழுதினாள். பெற்ற பிள்ளையின் பசியைவிட உன் உடம்பு உனக்குப் பெரிதா என்று நீ பதில் போட்டதையும் அவளே எனக்கு வாசித்துக் காட்டினாள். மடித்து வைத்துவிட்டுப் பால்பொடி கலக்கப் போனாள். நேற்று என்னால் தாங்க முடியாமல், நடந்ததை உனக்கு எழுதிவிடலாம் என்றேன். அதற்கு அவள், "வேண்டாம் உம்மா, என் மேல உள்ள கோவம் லீவுல வந்தா தீந்துடும். உம்மா மேல கோவம் வந்தா அவரு அங்க தனியா கெடந்து என்ன செய்வாரு?" என்று கேட்டாள். உன்னிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு உனக்காகக் கவலைப்படுகிறாள். ஆறு பெற்றும் எனக்கு அந்தப் புத்தி வரவில்லை மகனே. இரண்டு வருஷப் பால் பிள்ளையின் உரிமை என்று ஓதினவள்தான் நானும், மறுமையில் ஹஸ்னா அதை என்னிடம்தான் கேட்பாள்.

இதைப் பக்கத்து வீட்டு ஹம்சாவிடம் கொடுத்தனுப்புகிறேன், நாளை அவன் ஜித்தாவுக்குத் திரும்புகிறான். அரிசிப் பத்திரி மாவும் இருக்கிறது, வண்டு விழுமுன் சுட்டுத் தின்னு, வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல மனதும் தரட்டும். என்னைக் கோபித்துக்கொள், கோபிக்க வேண்டியதுதான், ஆனால் சுஹ்றாவிடம் மன்னிப்புக் கேட்டுத் தனிக் கடிதம் போடு, மறந்துவிடாதே. வற்றின பால் இனி ஊறாது. அவள் மனமாவது வற்றாமல் இருக்கட்டும்.

உன் பிள்ளையின் பாலைத் தடுத்த உம்மா,
கதியக்குட்டி