அவுரியும் மஞ்சளும்

ஜூன் 9, ஞாயிறு

பீட்ரூட் தோற்றது. நேற்று சோப்புக் கலவையில் சாற்றை ஊற்றும்போது கல்யாணப் பட்டு மாதிரி ஒரு சிவப்பு. காஸ்டிக் சோடாவின் காரம் ஏற ஏற மஞ்சளித்தது. காலையில் அச்சைக் கவிழ்த்தால் கருப்பட்டித் துண்டுகள். போன வாரம் செம்பருத்தியும் இப்படித்தான்.

அக்டோபரில் அறுப்பின் பண்டிகை விற்பனை. சபையில் சோப்பு மேசை என் பொறுப்பு. போன வருடம் எல்லாமே வெள்ளை. "பாத்திரம் தேய்க்கறதுங்களா?" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். இந்த வருடம் நிறம் வேண்டும். செடியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு நிறக்காரர் இருக்கிறார், என் கணவர். பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு சாயப்பட்டறை லேபில் இவருக்கு ஷேடு பார்க்கிற வேலை. வெளிநாட்டிலிருந்து வரும் மாதிரித் துணியோடு இங்கே சாயம் போட்ட துணி ஒத்துப்போகிறதா என்று டேவிட்சன் சொன்னால்தான் சரக்கு வண்டி ஏறும். எந்த நிறம் காரத்தில் நிற்கும் என்று கேட்டேன்.

"ஊட்லயுமா கலரு பாக்கோணும்?" என்று டிவி பக்கம் திரும்பிவிட்டார்.

ஜூன் 12, புதன்

மஞ்சள்தூள் ஊற்றும்போது செங்கல் நிறம். இரண்டு நாளில் தெளிந்து மாம்பழ மஞ்சள். இது நிற்கும்போலிருக்கிறது.

வேம்பாளம் பட்டை எண்ணெயில் ஊறினால் ரத்தச் சிவப்பு. காரம் பட்டதும் ஊதா. தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்க்குள் இப்படியொரு ஊதா ஒளிந்திருந்தது இத்தனை நாள் தெரியவில்லை.

ஜூன் 22, சனி

அவுரி இலைப் பொடி சாம்பலாகிவிட்டது. இலையிலிருந்து பிரித்தெடுத்த நீலத்தை வரவழைத்துப் போட்டேன். நின்றது. நல்ல, ஆழமான நீலம். அதோடு மஞ்சள் ஊறிய எண்ணெயைச் சேர்த்தால் பச்சை. ஒரு தட்டில் நீலம், பக்கத்துத் தட்டில் பச்சை. பார்த்துக்கொண்டே நின்றேன், அடுப்பில் பால் பொங்கியது தெரியாமல்.

பக்கத்து வீட்டுப் பழனியாத்தாள் அக்கா எட்டிப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, இதத் தேச்சா ஒடம்பு நீலமாயிருமுங்களா?"

"நுரை வெள்ளைதானுங்க்கா. வேணும்னா பாருங்க."

குழாயடியில் ஒரு துண்டைத் தேய்த்துப் பார்த்தார். வெள்ளை நுரை. "அப்பன்னா எனக்கொண்ணு எடுத்து வெச்சிருங்க" என்றார்.

ஜூன் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்ததும், அக்காவுக்குக் கொடுக்க நீலக் கட்டி இரண்டு எடுத்து வரச் சொன்னேன். இவர் கொண்டு வந்தது ஒன்று நீலம், ஒன்று பச்சை.

"ஒண்ணு பச்சைங்க."

"ரெண்டும் ஒண்ணுதானே."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

ஜூன் 26, புதன்

மனதில் அதுவே ஓடுகிறது. கொடியில் காயும் சட்டைகளில் எது புதிது, எது நாலு துவைப்பு கண்டது என்று நிறத்தை வைத்தே சொல்கிற மனிதர். கவனமில்லாமல் எடுத்திருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூன் 30, ஞாயிறு

மாடியில் நல்ல வெளிச்சம். கட்டிகளைக் காயவைக்கிற சாக்கில் அவரைக் கூப்பிட்டேன். இடம் மாற்றி அடுக்கியிருந்தேன்.

"பச்சைய மட்டும் தனியா எடுத்து வைங்க."

முதலில் ஒன்றை எடுத்தார். நீலம். அடுத்ததும் நீலம். மூன்றாவதை எடுக்கும்போது என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்ததை மெதுவாகக் கீழே வைத்தார்.

"என்ன, பரீட்சையா?"

இறங்கிப் போய்விட்டார்.

நான் சாயத்தைச் சோதித்தேனா, இந்த மனுசனையா? நேராகக் கேட்டிருக்கலாம். கேட்கப் பயம்.

ஜூலை 3, புதன்

இன்னும் பேச்சில்லை. சோறு போட்டால் சாப்பிடுகிறார்.

ஜூலை 4, வியாழன்

வேலை விட்டு வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. நான் சோப்பு வெட்டிக்கொண்டிருந்த மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

"நீலமெல்லாம் மங்கிப்போச்சு, ஜெனிதா. பச்சையும் அதுவும் ஒண்ணாத் தெரியுது. ரொம்ப நாளா கலரு அளக்கற மெசின் ரீடிங்க வெச்சுத்தான் ஓட்டறேன்."

கத்தியைக் கீழே வைத்தேன்.

"போன மாசம் ஒரு லாட்டு துணி திரும்பி வந்துச்சு. மெசின் ஒத்துக்கல. நான்தான் என் கண்ணு சொல்லுதுன்னு ஓகே பண்ணேன். வீம்பு. கடைசில சாயம் எடை போடற கதிரேசன் அளவத் தப்பாப் போட்டான்னு அவனை நிறுத்திட்டாங்க. தப்பு அளவுல இல்ல."

"நீங்க சொல்லலீங்களா?"

"சொல்லல."

அந்தக் கதிரேசன் இந்த வீட்டில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்டவர். அவர் பிள்ளைகளுக்கு நான் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். எனக்கு யாரு மேல கோவம்னே தெரியல. கண்ணு மேலயா? சுகர் இருக்குது, கண்ணக் காட்டுங்க, காட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன் — காட்டுனா வேலை போயிரும்னு பயந்துட்டு உக்காந்திருந்திருக்காரு. தனியா. இதே ஊட்ல, எம் பக்கத்துல.

நான் எப்படிப் பாக்காம இருந்தேன்?

ஜூலை 6, சனி

கண் ஆஸ்பத்திரி. சுகரால் விழித்திரை வீங்கியிருக்கிறதாம். கண்ணுக்குள்ளேயே ஊசி போட வேண்டும். "பார்வை இதுக்கு மேல போகாம நிறுத்தப் பாக்கலாம். நிறம் பழையபடி தெரியும்னு என்னால உறுதி சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர். இவர் தலையாட்டினார். பட்டறையில் சரக்கு வண்டியை அனுப்பச் சொல்கிற மாதிரிதான் ஆட்டினார்.

வெளியே வந்ததும் கேட்டேன். "கதிரேசன் விசயம்?"

"இப்பக் கண்ணு முக்கியமா, அவன் முக்கியமா?"

கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் கறுப்புக் கண்ணாடியோடு என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினார். எங்கள் நிறுத்தத்தில் இறங்கிய பிறகு சொன்னார்: "ரெண்டும்தான்."

ஜூலை 8, திங்கள்

மத்தியானமே திரும்பிவிட்டார். செருப்பைக் கழற்றும்போதே, "சொல்லிப்போட்டேன்" என்றார்.

முதலாளி லட்சுமணசாமி, "ஒங் கண்ண நம்பித்தானப்பா நான் பட்டறைய ஓட்டுனேன்" என்றாராம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்கிறார் இவர். முதலாளி இவர் எதிரிலேயே கதிரேசனுக்குப் போன் போட்டு வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார். இவரை லேபுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அங்கிருந்து இவர் நேராகக் கதிரேசன் வீட்டுக்குப் போயிருக்கிறார். வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறார் கதிரேசன். மனைவி மட்டும் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்திருக்கிறாள்.

"என்ன சொன்னாரு?"

"முன்னயே சொல்லியிருக்கலாமுங்கண்ணான்னான். அவ்வளவுதான்."

மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. அது இவருக்கும் தெரியாது.

ஜூலை 20, சனி

முதல் ஊசி. நான் வெளியே உட்கார்ந்து ஜெபம் பண்ணப் பார்த்தேன். டோக்கன் நம்பர் கூப்பிடுவதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஜன்னலோரம் வைத்த மஞ்சள் கட்டிகள் வெளுத்துவிட்டன. அலமாரிக்குள் இருந்தவை அப்படியே இருக்கின்றன. ஊதா, சாம்பல் நீலமாக இறங்கிவிட்டது. அதுவும் அழகுதான். அவுரி மட்டும் அசையவில்லை.

இப்போது சோப்பு வெட்டுவது இவர்தான். அவர் கை என் கையைவிட நேர். வெட்ட வெட்ட நான், இது நீலம், இது பச்சை என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

"குருடனுக்குச் சொல்ற மாதிரி சொல்லாத" என்றார்.

நிறுத்திக்கொண்டேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

பட்டறையிலிருந்து ஆள் வந்தார். குடோனில் சரக்கு அனுப்பும் பொறுப்புக்கு இவரை வரச் சொல்கிறார் முதலாளி. "அங்க கதிரேசன் மொகத்த தெனமும் பாக்கோணும்" என்றார் இவர். போகலாமா வேண்டாமா என்று என்னைக் கேட்கவில்லை. டிபன் பாக்ஸை மட்டும் எடுத்துக் கழுவி வைத்தார்.

செப்டம்பர் 15, ஞாயிறு

பண்டிகைக்குச் சட்டை எடுக்கக் கோயமுத்தூர் காந்திபுரம் போனோம். கடையில் ஒரே கூட்டம். விற்பனைக்காரர் சட்டைகளை விரித்துப் போட்டுக்கொண்டே இருந்தார். இவர் ஒன்றை எடுத்து, துணியை விரலால் நிமிண்டிப் பார்த்தார். பிறகு, அத்தனை பேர் நடுவில், சாதாரணமாக என் பக்கம் நீட்டினார்.

"இது என்ன கலரு?"

விற்பனைக்காரர் இவரை ஒரு மாதிரி பார்த்தார். இவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"நீலமுங்க" என்றேன்.

"நல்ல நீலமா?"

வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். "சித்தே பச்சை தூக்கலா இருக்குதுங்க."

சட்டையை மடித்து விற்பனைக்காரரிடம் திருப்பிக் கொடுத்தார்.

"பச்சை தூக்கலாம். வேற காட்டுங்க."