எந்த ‘வாரேன்’?

நேற்று மாட்டுத்தாவணியில் பஸ்ஸை விட்டு இறங்கி வெளியே வந்தேன். ஒரு தள்ளுவண்டியில் சிறுமலைப் பழம் குவித்து வைத்திருந்தார்கள். தோல் சுருங்கி, அங்கங்கே கறுத்து, உள்ளே தேனாக இருக்குமே, அந்தப் பழம். வாசனை மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது.

“மலப்பழம்ணே, இப்பத்தான் எறங்குச்சு. எம்புட்டு வேணும்?” என்றார் வண்டிக்காரர். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு வந்தேன். நான் இந்தப் பழத்தைத் தொட்டு நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். உண்மையான காரணம் தெரிந்த ஒரே ஆள் நீ. உனக்குப் பதினாறாம் நாள் காரியமும் போன வாரம் முடிந்துவிட்டது.

எழுபதுகளின் கடைசி அது. கப்பலூரில் நட்டு போல்ட் செய்யும் சின்னப் பட்டறையில் நீ லேத்தில் நின்றாய், நான் பக்கத்தில் துளை போடும் மெஷினில். விளாங்குடியிலிருந்து இரண்டு பேரும் தினமும் சைக்கிளில்தான் போய் வருவோம். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி. அதற்கே எனக்கு இடுப்பு கழன்றுவிடும். உனக்கு அது போதவில்லை. திண்டுக்கல் ரயிலில் போகும்போதெல்லாம் வலதுபக்க ஜன்னலைப் பிடித்துக்கொண்டு சிறுமலையையே பார்ப்பாய்.

“அந்தப் பக்கம் ஏறி இந்தப் பக்கம் எறங்கணும் மாப்ள. ஏறுன வழியிலயே எறங்குனா அது என்னா மலை ஏறுறது?”

பட்டறையில் எல்லோரும் சிரித்தார்கள். கியரும் கிடையாது ஒன்றும் கிடையாது, பால்காரர் ஓட்டுகிற மாதிரி கனத்த கறுப்பு சைக்கிள். அதில் மலையா என்றார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் நீ கூப்பிட்டு நான் வரமாட்டேன் என்று சொன்னால், அந்தச் சிரிப்பு என் பக்கம் திரும்பிவிடுமே என்று தலையாட்டினேன். அந்தக் காலத்தில் நான் செய்த பாதிக் காரியங்கள் இப்படி வெட்கத்துக்குப் பயந்து செய்தவைதான்.

சனிக்கிழமை வேலை முடிந்து சைக்கிளோடு திண்டுக்கல் போய் உன் அக்கா வீட்டில் படுத்தோம். ஞாயிறு விடிந்ததும் மலைப்பாதையில் ஏறினோம். சரளைக்கல் ரோடு. மிதித்தால் பின்சக்கரம் ஒரே இடத்தில் சுற்றும், கல் தெறிக்கும். மூன்றாவது வளைவிலேயே நான் இறங்கித் தள்ள ஆரம்பித்தேன். நீ எழுந்து நின்று மிதித்துக்கொண்டே போனாய். ஒவ்வொரு வளைவிலும் நின்று, எட்டிப் பார்த்து, “அம்புட்டுதானா? காலா அது, அப்பளமா?” என்று கத்துவாய். மரத்தில் குரங்குகள் பதிலுக்குக் கத்தும். மேலே போகப்போக வெயில் தரையில் விழாத அளவுக்கு மரம் அடைத்துக்கொண்டது. மதுரை வெக்கையில் வெந்த உடம்புக்கு அந்தக் குளிர்ச்சி சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். எனக்கு எரிச்சலாக இருந்தது. நீ சிரிப்பதும் எரிச்சல், நீ நின்று காத்திருப்பதும் எரிச்சல்.

உச்சியில் ஒரு டீக்கடை. அதன் பின்னாலிருந்துதான் வாடிப்பட்டிப் பக்கம் இறங்கும் காட்டுப்பாதை தொடங்கியது. எட்டிப் பார்த்தேன். பாதையா அது? மழைத்தண்ணீர் அறுத்துப் போட்ட வாய்க்கால். உருண்டைக் கல்லும் வேருமாகச் செங்குத்தாக இறங்கியது. “இதுலயா? ஆடே பாத்து எறங்கும்ணே” என்றார் டீக்கடைக்காரர். என் பிரேக் கட்டை தேய்ந்துபோயிருந்தது.

நீ என் முகத்தைப் பார்த்தாய். எழுந்து போய் புதரில் ஒரு கிளையை வெட்டி இலையோடு இழுத்து வந்தாய். என் சைக்கிள் கேரியரில் கயிறு போட்டு அதைக் கட்டினாய்.

“இத இழுத்துக்கிட்டு வந்தா வண்டி பிச்சுக்கிட்டு ஓடாது. மாட்டுவண்டிக்காரங்க இப்படித்தான் எறங்குவாங்க. மெதுவா வா. நான் முன்னால போயி கீழ ஓடைகிட்ட நிக்கிறேன்.”

உன் வண்டிக்குக் கிளை கட்டிக்கொள்ளவில்லை. நான் டீயை ஊதிக்கொண்டே, “நீ போ, வாரேன்” என்றேன்.

நீ தடதடவென்று இறங்கி மரங்களுக்குள் மறைந்தாய். கொஞ்ச நேரம் உன் மணிச்சத்தம் கேட்டது. அப்போதுதான் திண்டுக்கல் சந்தைக்கு வாழைத்தார் ஏற்றிய லாரி வந்து டீக்கு நின்றது. “சைக்கிளத் தூக்கிப் போட்டு ஏறு தம்பி” என்றார் டிரைவர். நான் கேட்கக்கூட இல்லை, அவராகச் சொன்னார். ஆனால் கயிற்றை அவிழ்த்தது என் கைதான். கிளையை டீக்கடை பெஞ்சு ஓரமாகப் போட்டேன். நேரமானால் நீயே புரிந்துகொண்டு இறங்கிவிடுவாய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தார்களின் மேல் உட்கார்ந்து, வழியெல்லாம் பழம் பிய்த்துத் தின்றுகொண்டு வந்தேன். திண்டுக்கல்லிலிருந்து சமதரையில் மிதித்து விளாங்குடி வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

நீ ஓடையில் பொழுது சாயத் தொடங்கும்வரை நின்றிருக்கிறாய். பிறகு, நான் எங்கோ விழுந்து கிடக்கிறேன் என்று பயந்து, சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டு, என் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே ஏறியிருக்கிறாய். ஒரு சரிவில் ஏதோ துணி தெரிந்ததாம். என் சட்டை என்று நினைத்து இறங்கினாய். கல் புரண்டு முழங்கால் நொறுங்கியது. சுள்ளி பொறுக்க வந்தவர்கள் உன்னைப் போர்வையில் தூக்கி உச்சிக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுற்றி உன் அம்மா, அக்கா, பட்டறை ஆட்கள் எல்லோரும் நின்றார்கள். நீ என்னைப் பார்த்து மெதுவாகத்தான் கேட்டாய். “என்னா மாப்ள, வாரேன்னு சொன்னியே?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாயில் அந்தப் பதில் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. “ஏண்டா, வாரேன்னா போயிட்டு வாரேன்னு அர்த்தம்டா. நம்மூர்ல கெளம்புறப்ப வேற எப்படிச் சொல்லுவாங்க?”

யாரோ சிரித்தார்கள், எல்லோரும் சிரித்தார்கள். உன் அம்மாகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு நீயும் சிரித்தாய். “ஆமா, நாந்தான் கூமுட்ட. வெளங்காம நின்னுருக்கேன்.”

கால் மடங்காமல் போயிற்று. லேத்தில் நிற்க முடியாமல் உன்னை ஸ்டோர் ரூமில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். சைக்கிளை நீ மறுபடி தொடவே இல்லை. என் கேரியரில் ஒரு காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவாய். அந்தக் கதை பட்டறையின் நிரந்தர வேடிக்கையானது. நீயே சொல்வாய், உன் மகள் கல்யாணப் பந்தியில்கூடச் சொன்னாய். குரங்கு, ஓடை, துணி, எதையும் விடமாட்டாய். முட்டாள் எப்போதும் நீதான்.

ஆனால் கிளையை மட்டும் நீ ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

அது எனக்கு உறைக்கவே பல வருஷம் ஆயிற்று. பின்னால் கிளை கட்டிக்கொண்டு நிற்கிறவன் ‘வாரேன்’ என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கிளை கதைக்குள் வந்தால் என் பதில் நிற்காது. லாரி வரும்வரை உன்னைக் கிடத்தியிருந்தது அதே டீக்கடை பெஞ்சில். கீழே அவிழ்த்துப் போட்ட கிளை. பக்கத்தில், நான் லாரியில் ஏறியதைப் பார்த்த டீக்கடைக்காரர். ஆஸ்பத்திரியில் நீ தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறாய். நானாகச் சொல்லட்டும் என்று ஒரு வழி விட்டாய். நான் அதிலும் லாரி ஏறிவிட்டேன்.

கடைசியாக உன்னைப் பார்க்க வந்தேனே, நீ கட்டிலோடு கிடந்தபோது. எழுந்து, பழக்கத்தில் “வாரேன்டா” என்றேன். நீ கண்ணைத் திறந்தாய்.

“எந்த வாரேன் மாப்ள?”

சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். நானும் சிரித்து மழுப்பிவிட்டு வாசலில் செருப்பைத் தேடினேன். நாலாம் நாள் நீ இல்லை.

எழவு வீட்டில் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. சொல்லாமல்தான் எழுந்து வர வேண்டும். வந்தேன். அன்றிலிருந்து எந்த வீட்டிலும் அந்த வார்த்தை எனக்கு வரவில்லை. ‘கெளம்புறேன்’ என்கிறேன். பேரன்கூடக் கேட்டான், ஏன் தாத்தா ஒருமாதிரிப் பேசுறீங்க என்று.

நீ கேட்டதற்குப் பதில் இதுதான். அன்றைக்கு டீக்கடையில் நான் சொன்னது, உன் பின்னாலேயே வருகிற வாரேன். எனக்குப் பயமாக இருந்தது, வரவில்லை. நீ ஓடைகிட்ட நின்றாய்.