பேட்டரிக்கு அடியில் கிடந்த நோட்டு

நேற்று குரோம்பேட்டை ஆபீசைக் காலி செய்தோம். யு.பி.எஸ். பேட்டரிக்கு அடியில் அந்த லாங் சைஸ் நோட்டு கிடந்தது, ஓரமெல்லாம் ஆசிட் தின்று. திறந்ததும் பழைய பேட்டரி வாடை மூக்கில் ஏறியது. ஒரு பக்கத்தைப் படித்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது, மச்சான். செத்தவன் மேல் இவ்வளவு கோபம் வரும் என்று எனக்குத் தெரியாது.

நோட்டு என் ஏற்பாடு. மெயில் சர்வரில் ரூட்டாக, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ஆளாக, யார் நுழைந்தாலும் செய்ததை அதில் எழுத வேண்டும். நீ எழுதவே மாட்டாய். ஏதாவது ஃபைல் அடம்பிடித்தால், யார் வேண்டுமானாலும் திறக்கலாம், திருத்தலாம் என்று 777 தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாய். கேட்டால், "மொதல்ல ஓடட்டும் மச்சான், எழுதறத அப்பால பாத்துக்கலாம்" என்பாய். உன்னோடு சண்டை போட்டே எனக்குத் தொண்டை கட்டியது.

அந்தத் திங்கட்கிழமை காலை, குப்பை மெயிலை வடிகட்டும் ஃபில்டர் நின்றுபோய், சனிக்கிழமையிலிருந்து வந்த மெயில் எல்லாம் வரிசையில் முடங்கிக் கிடந்தது. சர்வர் நடந்ததையெல்லாம் பதியும் லாகைத் திறந்தால் வரிக்கு வரி 'பெர்மிஷன் டினைடு'. எது குப்பை, எது நல்லது என்று தான் கற்றதை ஃபில்டர் ஒரு ஃபைலில் எழுதிவைக்கும். அந்த ஃபைலையே அதனால் திறக்க முடியவில்லை. நீதான் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் சரி செய்தாய். கெடுத்தவனுக்குத்தான் இவ்வளவு சீக்கிரம் பிடிபடும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். அதற்குள் நம் சர்வரில் மெயில் வைத்திருந்த ஒரு தோல் ஏற்றுமதிக்காரருக்கு வந்த ஆர்டர் வேறு கைக்குப் போயிருந்தது. மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டு, இது யார் வேலை என்று கேட்டார்.

"இவன்தான் சார். எதையும் நோட்ல எழுத மாட்டான்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். மாதக் கடைசியோடு உன்னை அனுப்பிவிட்டார்கள். நீ கிளம்பிய அன்று சாயங்காலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திக்கொண்டு ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தேன். "வுடு மச்சான், எனக்கு இன்னா, வேற எடம் கெடைக்கும். உன் தங்கச்சி கல்யாணம் கீது, உனக்கு இந்த வேல வோணும்" என்றாய். செய்த தப்புக்கு வெட்கப்பட்டு ஏதோ உளறுகிறாய் என்று நினைத்தேன். சரி என்றுகூடச் சொன்னேன். வேறு இடம் கிடைக்க உனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

நேற்று பார்த்த பக்கத்தில் அந்தச் சனிக்கிழமையின் தேதி இருந்தது. என் கையெழுத்து, கோணல் இல்லாமல்: "ஃபில்டருக்குப் புது குப்பை மெயில் வைத்துப் பயிற்சி கொடுத்தேன். ரூட்டாக." ஃபில்டருக்கென்று தனிப் பெயர் உண்டு, அந்தப் பெயரில் நுழைந்துதான் அதைச் செய்ய வேண்டும். ரூட்டாகச் செய்தால் ஃபைல் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், ஃபில்டரால் தொட முடியாது. இதை உனக்கு நூறு தடவை சொன்னவன் நான். தங்கச்சி கல்யாணப் பத்திரிகை வைக்கப் போகிற அவசரத்தில் நானே மறந்திருக்கிறேன். அதற்குக் கீழே, திங்கட்கிழமை தேதி போட்டு உன் கிறுக்கல்: "ஃபைல் ஓனரை மாத்தினேன். மெயில் ஓடுது."

777 இல்லை. முறையாகச் சரி செய்திருக்கிறாய், முறையாக எழுதியும் வைத்திருக்கிறாய். நோட்டு நோட்டு என்று கத்தியவன் அன்றைக்கு நோட்டைத் திறக்கவில்லை. அதற்கு என்னைச் செருப்பால் அடிக்கலாம். ஆனால் உனக்கு என்ன கேடு? "நோட்டைப் பாரு" என்று சொன்னால் போதாதா? உன் தியாகத்தை யார் கேட்டது? அப்புறமும் சேலையூரில் என் வீட்டுக்கு வந்தாய், சாப்பிட்டாய், என் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு கேம்ப் ரோடு முழுக்கச் சுற்றினாய். ஒரு நாளாவது சொல்லியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

நோட்டை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனேன். பக்கத்தைக் காட்டி, அன்றைக்குத் தப்பு செய்தது நான், அவன் இல்லை என்றேன். பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"எவன்?" என்றார்.

உன் பெயரைச் சொன்னேன். அவருக்கு ஞாபகம் வரவில்லை. இனிஷியலோடு, அந்த ரூமில் இருந்த எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, மறுபடி சொன்னேன். நோட்டை அங்கே விடவில்லை, வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.